பயம், பதற்றம், மூளை வேதியியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதற்ற நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் வாக்கிலேயே விட்டிருக்கிறோம். இங்கே வரும் மருந்தளவுகள் பெரியவர்களுக்கு வழக்கமாக எழுதப்படுபவை. உங்களுக்கு எவ்வளவு என்பதை வயது, மற்ற நோய்கள், கூடவே எடுக்கும் மருந்துகள் எல்லாம் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பயம் எல்லாருக்கும்தானே வருது? அதை எப்போ நோய்னு சொல்றாங்க?

மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள். ஆபத்தின் அளவுக்கு மீறிய பயமா, எவ்வளவு காலமாக இருக்கிறது, வாழ்க்கையில் எதையெல்லாம் நிறுத்திவிட்டது. காரணமின்றி எல்லாவற்றுக்கும் கவலைப்படும் பொதுப் பதற்ற நோய்க்கும், நாலு பேர் முன்னால் நிற்கவே முடியாத சமூகப் பயத்துக்கும், குறிப்பிட்ட ஒன்றின் மீதான பயத்துக்கும் 6 மாதம் என்பது வழக்கமான எல்லை. திடீர்ப் பீதி நோய்க்கு 1 மாதம் போதும். எதிர்பாராமல் பீதி வந்து, அதன்பின் ஒரு மாதமாக "மறுபடி வந்துடுமோ" என்ற நினைப்பிலேயே ஒருவர் நடமாட்டத்தைச் சுருக்கிக்கொண்டால் அது நோய்தான்.

மூன்றில் கடைசிதான் முக்கியம். பேருந்து ஏறுவதை விட்டவர், கல்யாண வீட்டுக்குப் போகாமல் சாக்குச் சொல்பவர், வேலை உயர்வை மறுத்தவர், இவர்கள் "நான் கொஞ்சம் பயந்த சுபாவம்" என்றே பல வருடம் ஓட்டிவிடுகிறார்கள்.

பயம் வந்ததும் உள்ளே என்னென்ன நடக்குது?

காதுக்கு மேலே, பொட்டெலும்புக்கு உள்ளே ஆழத்தில், இரு பக்கமும் பாதாம் பருப்பு வடிவில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. கண்ணும் காதும் அனுப்பும் செய்தி அங்கே இரண்டு வழியாகப் போகிறது. ஒன்று நேர்வழி. இன்னொன்று, பெருமூளைப் புறணி அலசிப் பார்த்த பிறகு போகும் சுற்றுவழி. எலிகளில் இதைத் தடம் பிடித்துக் காட்டியவர் அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் ஜோசப் லெடூ. பாம்பு என்று நினைத்தது வெறும் கயிறு என்று தெரிவதற்குள் கால் துள்ளிப் பின்வாங்கிவிடுவது இந்த நேர்வழியால்தான்.

அதன்பின் நடப்பதை நேரக்கணக்கோடு புரிந்துகொள்வது நல்லது. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுவே பதில். நரம்பணுக்களுக்கு இடையே தூண்டும் வேதிப்பொருளான குளுட்டமேட்டும் அடக்கும் வேதிப்பொருளான காபாவும் மில்லி விநாடிகளில் வேலை செய்கின்றன. மூளைத்தண்டில் இருக்கும் சில பத்தாயிரம் நரம்பணுக்கள் நார்அட்ரினலினை மூளை முழுக்கப் பரப்புவதும், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினை ரத்தத்தில் விடுவதும் சில விநாடிகளில் நடக்கும். அந்த அட்ரினலின் ரத்தத்தில் 2, 3 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும். மன அழுத்த ஹார்மோனான கார்டிசோல் மெதுவாக வரும். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லி, பிட்யூட்டரி அட்ரினலுக்குச் சொல்லி, 20 முதல் 30 நிமிடத்தில் உச்சம் தொடும். அடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சண்டை முடிந்து வெகுநேரம் கழித்தும் உடம்பு ஒரு மாதிரி இருப்பது இதனால்தான்.

நெஞ்சு அடைக்குது, கை மரத்துப்போகுது, செத்துடுவேன்னு தோணுது. ஈ.சி.ஜி. நார்மல்னு அனுப்பிட்டாங்க. அப்போ அது என்ன, நடிப்பா?

நடிப்பு இல்லை. அட்ரினலின் இதயத்தை வேகமாக அடிக்க வைக்கிறது. மூச்சு வேகமெடுக்கிறது. உடம்புக்குத் தேவைப்படாத வேக மூச்சில் ரத்தத்தின் கார்பன் டை ஆக்சைடு அளவு இறங்கிவிடும். அது இறங்கினால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கும், தலை கிறுகிறுக்கும். ரத்தத்தின் காரத்தன்மை கூடி, கால்சியத்தில் நரம்புகளுக்குப் பயன்படும் பங்கு குறையும். விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போவது, விரல்கள் இழுத்துக்கொள்வது அதனால்தான். உச்சம் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் வரும், அரை மணியில் இறங்கிவிடும்.

ஆனால் முதல் முறை வரும்போது அது பீதி என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். நெஞ்சுவலிக்கு ஈ.சி.ஜி.யும், தேவைப்பட்டால் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் எடுத்துத்தான் தீர வேண்டும். 40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ளவர்கள் இதில் கொஞ்சமும் அலட்சியம் காட்டக்கூடாது. அதோடு தைராய்டுக்கான டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின், ரத்தச் சர்க்கரை மூன்றையும் பார்ப்பது வழக்கம். மிகைத் தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை இறக்கம் எல்லாமே படபடப்பைத் தரும். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சால்பியூட்டமால், மூக்கடைப்பு மாத்திரைகள், ஸ்டீராய்டு, அளவு கூடிப்போன தைராக்சின் இவையும் தரும். இவற்றில் எது எடுத்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அந்த நேரத்துல நான் என்ன செய்யணும்?

ஆழமாக மூச்சை இழுக்காதீர்கள். "நல்லா இழுத்து விடு" என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வது நிலைமையை மோசமாக்கும். ஏற்கெனவே இறங்கிய கார்பன் டை ஆக்சைடு இன்னும் இறங்கும். மூக்கால் சாதாரணமாக 4 எண்ணும் வரை இழுத்து, 6 எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற கணக்கு வரும். 5 நிமிடம் செய்தால் மரத்துப்போதல் குறையும். காகிதப் பைக்குள் மூச்சுவிடும் பழைய முறை வேண்டாம். உண்மையில் மாரடைப்போ ஆஸ்துமாவோ இருந்தால் அது ஆபத்து.

முடிந்தால் இருக்கும் இடத்திலேயே இருங்கள். ஓடிப்போனால் ஏன் நோய் வேரூன்றுகிறது என்பது பின்னால், பேச்சு சிகிச்சை பற்றிய பதிலில் வருகிறது.

எனக்கு செரோட்டோனின் கம்மின்னு சொன்னாங்க. பிளட் டெஸ்ட்ல எவ்வளவுன்னு பார்த்துடலாமா?

முடியாது. உடம்பின் செரோட்டோனினில் 90 விழுக்காட்டுக்கு மேல் குடலில் உருவாகிறது. ரத்தத்தில் அளந்தால் தெரிவது அந்தக் கணக்குத்தான். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கும் தடுப்பைச் செரோட்டோனின் தாண்டாது. ஆகவே ரத்த அளவு மூளை அளவைக் காட்டாது. சிறுநீரில் "நரம்பு வேதிப்பொருள் பேனல்" என்று ஆயிரக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் அறிக்கைகளை வைத்துப் பதற்ற நோயைக் கண்டறியவோ மருந்தைத் தேர்ந்தெடுக்கவோ முடியாது. அந்தப் பணத்துக்கு மேலே சொன்ன தைராய்டு, ரத்தப் பரிசோதனைகளை எடுங்கள்.

"கம்மி" என்று சொல்வதே சரியில்லை. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சமூகப் பயம் உள்ளவர்களின் மூளையைப் பெட் ஸ்கேனில் பார்த்து 2015இல் வெளியிட்ட முடிவு நேர்மாறாக இருந்தது. அவர்கள் அமிக்டலாவில் செரோட்டோனின் உற்பத்தி மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. நோயாளிக்குச் சுருக்கமாகப் புரியவைக்க "கெமிக்கல் குறைஞ்சிருக்கு" என்று சொல்லும் பழக்கம் மருத்துவர்களிடம் வந்துவிட்டது. குற்றவுணர்ச்சியைக் குறைக்க அது உதவியிருக்கலாம். ஆனால் பல பேர் அதை வைட்டமின் குறைபாடு போல எடுத்துக்கொண்டு, ஆயுள் முழுக்க மாத்திரை வேண்டும் என்று நம்பிவிடுகிறார்கள். அது எங்களுக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

கம்மியே இல்லேன்னா அந்த மாத்திரை எப்படி வேலை செய்யுது?

பாராசிட்டமால் போட்டால் காய்ச்சல் இறங்குகிறது. அதனால் உடம்பில் பாராசிட்டமால் குறைந்திருந்தது என்று ஆகாது. அது போலத்தான். எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின், ஃப்ளுவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின் ஆகிய எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகள், நரம்பணு தான் விட்ட செரோட்டோனினைத் திரும்ப உறிஞ்சும் வாசலை அடைக்கின்றன. இது முதல் மாத்திரையிலேயே, சில மணி நேரத்தில் நடந்துவிடும். பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆவது ஏன்? செரோட்டோனின் கூடியதும், அதை விடும் நரம்பணுக்களில் உள்ள தற்கட்டுப்பாட்டு ஏற்பிகள் (ஏற்பி என்பது வேதிப்பொருள் வந்து ஒட்டும் இடம்) "போதும், நிறுத்து" என்று உற்பத்தியைக் குறைத்துவிடும். அந்த ஏற்பிகள் மந்தமாக வாரங்கள் ஆகும். அதற்கும் பிறகு, ஆபத்துக் குறிப்புகளுக்கு அமிக்டலா காட்டும் எதிர்வினை தணிவது, முன் மூளையின் கட்டுப்பாடு கூடுவது என்று இணைப்புகள் மெல்ல மாற வேண்டும்.

ஒரே எண்ணமும் செய்கையும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் எண்ணச் சுழல் நோயில் (ஓ.சி.டி.) அளவும் காலமும் இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். 8 முதல் 12 வாரம் பார்க்காமல் "மருந்து பலிக்கல" என்று சொல்லக்கூடாது.

மாத்திரை ஆரம்பிச்சு நாலு நாள்தான் ஆச்சு. படபடப்பு கூடிப்போச்சு. நிறுத்திடவா?

நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் பேசுங்கள். முதல் 1, 2 வாரத்தில் பதற்றம் கூடுவது தெரிந்த விஷயம். செரோட்டோனின் திடீரென்று கூடுகிறது, மேலே சொன்ன தகவமைப்பு இன்னும் வரவில்லை. பீதி நோய் உள்ளவர்களுக்கு இது அதிகம். அதனால்தான் பாதி அளவில் ஆரம்பிக்கிறார்கள்: எஸ்சிட்டலோப்ராம் 5 மி.கி., செர்ட்ராலின் 25 மி.கி. ஒரு வாரம் கழித்து 10 அல்லது 50. நேராக முழு அளவில் ஆரம்பித்திருந்தால், குறைக்கலாமா என்று கேளுங்கள். குமட்டல், பேதி, தலைவலி இரண்டு வாரத்தில் பெரும்பாலும் போய்விடும். சாப்பிட்ட பின் போட்டால் குமட்டல் குறையும். தூக்கம் கெட்டால் காலையிலும், தூக்கம் வந்தால் இரவிலும் போடலாம். தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவது, உச்சம் தாமதமாவது மட்டும் தானாகப் போகாது. வெட்கப்பட்டுச் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் ஏராளம். சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றலாம்.

உடனே தகவல் சொல்ல வேண்டியவை வேறு. 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு முதல் வாரங்களிலும் அளவு மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் வரக்கூடும். வீட்டார் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கி குழப்பமும் தள்ளாட்டமும் வரலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வலிக்கு ட்ராமடால் எடுத்தால் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து செரோட்டோனின் மிதமிஞ்சி நடுக்கம், காய்ச்சல், வியர்வை வரலாம். ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் வகையோடு ரத்தக்கசிவு வாய்ப்புக் கூடும். இரவில் யாரும் கிடைக்காவிட்டால், இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண் 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.

ஒரு குட்டி மாத்திரை இருக்கு, போட்டா அரை மணியில சரியாயிடுது. அதையே போட்டுக்கிட்டா என்ன?

அல்ப்ரஸோலம், குளோனாசெபம், லோரசெபம், டயாசெபம் வகை அது. காபா ஏற்பி என்பது நரம்பணுவின் சுவரில் உள்ள ஒரு கால்வாய். காபா வந்து ஒட்டினால் அது திறந்து குளோரைடு உள்ளே போகும், நரம்பணு அடங்கும். இந்த மாத்திரை அதே ஏற்பியில் வேறொரு இடத்தில் உட்கார்ந்து, கால்வாய் அடிக்கடி திறக்கும்படி செய்கிறது. காபாவின் வேலை மில்லி விநாடிக் கணக்கு என்று பார்த்தோமே, அதனால்தான் பலன் மாத்திரை ரத்தத்தில் ஏறிய கையோடு தெரிகிறது. இந்த வகையின் முதல் மருந்தைக் கண்டுபிடித்தவர் லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர். அது 1960இல் விற்பனைக்கு வந்தது, டயாசெபம் 1963இல்.

சிக்கல் என்னவென்றால், மூளை அதற்கேற்ப மாறிக்கொள்கிறது. தினமும் போட்டால் சில வாரங்களிலேயே ஏற்பிகள் மந்தமாகும், குளுட்டமேட் பக்கம் பலக்கும். 2 முதல் 4 வாரத்துக்கு மேல் தினசரி வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். அல்ப்ரஸோலம் இரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் 11 மணி நேரம். குளோனாசெபத்துக்கு 30 முதல் 40 மணி. சீக்கிரம் இறங்கும் மாத்திரையில், அடுத்த வேளைக்கு முன்பே மருந்து குறைவதால் வரும் லேசான விலகல் அறிகுறி தலைகாட்டும். அது பார்க்கப் பதற்றம் போலவே இருக்கும். "எனக்கு நோய் அதிகமாயிடுச்சு" என்று இன்னொன்று போடுவார்கள். இந்தச் சுழலில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வயதானவர்கள் இரவில் எழுந்து விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் இம்மாத்திரைகளோடு சேர்ந்து வரும் ஆபத்து.

எஸ்.எஸ்.ஆர்.ஐ. பலன் தரும் வரை இரண்டு மூன்று வாரத்துக்குத் துணையாக எடுப்பதில் தவறில்லை. தொடங்கும் அன்றே நிறுத்தும் தேதியையும் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

எங்க டாக்டர் ரெண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை எழுதியிருக்கார். அது பரவாயில்லையா?

எஸ்சிட்டலோப்ராம் 10 மி.கி.யும் குளோனாசெபம் 0.5 மி.கி.யும் சேர்ந்த மாத்திரை இந்தியாவில் மிகச் சாதாரணமாக எழுதப்படுகிறது. ஒன்றை ஒரு வருடம் எடுக்க வேண்டும், இன்னொன்றைச் சில வாரத்தில் நிறுத்த வேண்டும். இரண்டையும் ஒரே வில்லையில் ஒட்டிவிட்டால், எடுப்பவர் குளோனாசெபத்தையும் ஒரு வருடம் சாப்பிடுகிறார், அதுவும் அப்படி ஒன்று உள்ளே இருப்பது தெரியாமலே. ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறந்து இரண்டு நாள் விட்டவருக்கு வரும் நடுக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் காரணம் பலசமயம் இதுதான்.

மாத்திரை அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பொருள்களைப் படியுங்கள். இரண்டு பெயர் இருந்தால், "ரெண்டையும் தனித்தனியா எழுதித் தர முடியுமா டாக்டர்? ஒண்ணை மெதுவா குறைக்கணும்" என்று கேளுங்கள். நியாயமான வேண்டுகோள்தான், எந்த மருத்துவரும் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை.

மூணு வருஷமா அந்தக் குட்டி மாத்திரை போடறேன். நாளைக்கே நிறுத்திட்டா?

கூடவே கூடாது. அடக்கும் பக்கம் திடீரென்று விலகி, பலத்துப்போன குளுட்டமேட் தனித்து நிற்கும். தூக்கமே வராது, வெளிச்சமும் சத்தமும் தாங்காது, வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

வழக்கமான முறை: 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு முறை, அப்போது எடுக்கும் அளவில் 5 முதல் 10 விழுக்காடு குறைப்பது. ஆரம்ப அளவில் அல்ல, அப்போதைய அளவில். அதனால் கடைசிப் படிகள் மிகச் சிறியவையாக இருக்கும். நடைமுறைச் சிக்கல் ஒன்று: குளோனாசெபம் கடையில் பெரும்பாலும் 0.25 மி.கி.யில்தான் தொடங்குகிறது, பாதியாக உடைத்தால் 0.125. அதற்கும் நுணுக்கமாக இறங்க, நீண்ட நேரம் நிற்கும் டயாசெபத்துக்கு மாற்றி 2 மி.கி. மாத்திரைகளால் இறக்குவது உண்டு. அந்த மாற்றத்தை மருத்துவர்தான் கணக்கிட வேண்டும். ஒரு படியில் அறிகுறி தாங்கவில்லை என்றால் அங்கேயே இன்னும் 2 வாரம் நில்லுங்கள். மேலே ஏற வேண்டியது அபூர்வம்.

எஸ்.எஸ்.ஆர்.ஐ.யும் அப்படித்தானே அடிமையாக்கும்? எத்தனை நாள் போடணும்?

குட்டி மாத்திரை போல அளவைக் கூட்டிக்கொண்டே போகும் ஏக்கத்தை அது தராது. ஆனால் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் சுரீரென்று பாய்வது போன்ற உணர்வு வரும். பராக்ஸெட்டினில் அதிகம், உடம்பில் நெடுநாள் தங்கும் ஃப்ளுவாக்ஸெட்டினில் குறைவு. நன்றாக ஆன பிறகு 6 முதல் 12 மாதம் தொடர்வது வழக்கம். அதற்கு முன் நிறுத்தினால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம்.

குறைக்கும்போது பலர் தவறுவது கடைசியில்தான். வழக்கமான குறைந்த அளவே உறிஞ்சும் வாசல்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அடைத்துவிடுகிறது. 20 மி.கி.யிலிருந்து 10க்கு வரும்போது அந்த அடைப்பு கொஞ்சம்தான் குறைகிறது, 5 மி.கி.யிலிருந்து பூஜ்யத்துக்கு வரும்போது மிகப் பெரிய சரிவு. 20, 10, 5 எளிதாக இறங்கியவர் கடைசியில் தடுமாறுவது இதனால். 5க்கும் கீழே 2.5 போன்ற படிகளைக் கேளுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது நல்ல முறை அல்ல, மூளைக்குத் தினமும் ஏற்ற இறக்கம்தான் மிஞ்சும்.

ராத்திரி ரெண்டு பெக் போட்டாத்தான் மனசு அடங்குது. மாத்திரைக்கு அது மேல்தானே?

மதுவும் காபா ஏற்பியைத்தான் பிடிக்கிறது, குளுட்டமேட்டையும் அடக்குகிறது. சில மணி நேரத்தில் மது இறங்க, இரண்டும் எதிர்ப்பக்கம் துள்ளும். விடியற்காலை 3, 4 மணிக்கு நெஞ்சு படபடக்க விழிப்பது அந்தத் துள்ளல்தான். மதுவோடு குட்டி மாத்திரையும் சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகும் அபாயம் இருக்கிறது. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினாலும் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். மருத்துவ உதவியோடு நிறுத்துங்கள்.

காபி, டீயை விட்டுடணுமா?

உடனே முழுக்க விட வேண்டாம், தலைவலி வரும். ஆனால் குறைத்துப் பாருங்கள். சோர்வைத் தரும் அடினோசின் உட்காரும் இடத்தைக் காஃபீன் பிடித்துக்கொள்கிறது, அதனால் நார்அட்ரினலின் பக்கம் மேலோங்குகிறது. பீதி நோய் உள்ளவர்களுக்கு ஒரே தடவையில் 400 மி.கி.க்கு மேல் காஃபீன் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பீதி வந்தது. காஃபீன் பாதியாகக் குறைய சுமார் 5 மணி நேரம். மாலை 5 மணிக் காபி இரவு 10 மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். 3 நாளுக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்து, மதியத்துக்கு மேல் இல்லாமல் 2 வாரம் இருந்து பார்த்தால் உங்களுக்கு இதில் பங்கு உண்டா என்று தெரிந்துவிடும்.

மேடை ஏறினா கை நடுங்குது. ப்ரோப்ரானலால் போடலாமாமே?

அது அட்ரினலின் உட்காரும் பீட்டா ஏற்பிகளை அடைக்கிறது. நடுக்கமும் படபடப்பும் குறையும். "உளறிடுவேனோ" என்ற எண்ணத்தை அது தொடாது. நிகழ்ச்சிக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு 10 முதல் 40 மி.கி. எழுதுவார்கள். முதல் தடவையே மேடை நாளில் போடாமல், வீட்டில் ஒரு நாள் போட்டுப் பாருங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் தொடக்கூடாது. இதயத் துடிப்போ ரத்த அழுத்தமோ குறைவாக இருப்பவர்களும், இன்சுலின் போடுபவர்களும் கேட்காமல் போடக்கூடாது. சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை அது மறைத்துவிடும்.

வாழைப்பழம் சாப்பிட்டா செரோட்டோனின் ஏறும்னு சொல்றாங்களே?

வாழைப்பழத்தில் செரோட்டோனின் இருக்கிறது. ஆனால் அது மூளைத் தடுப்பைத் தாண்டாது என்று மேலே பார்த்தோம். பசிக்கு நல்ல பழம், அவ்வளவுதான்.

பேசிப் பேசியே மூளை கெமிக்கல் மாறுமா? நம்புற மாதிரி இல்லையே.

மாறும், ஸ்கேனிலேயே பார்த்திருக்கிறார்கள். அதே உப்சாலா ஆய்வாளர்கள் 2002இல் சமூகப் பயம் உள்ளவர்களில் ஒரு குழுவுக்குச் சிட்டலோப்ராமும் இன்னொரு குழுவுக்கு அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்ற பேச்சு சிகிச்சையும் கொடுத்தார்கள். நலமடைந்தவர்களில் இரண்டு குழுவிலுமே, மற்றவர்கள் முன் பேசும்போது அமிக்டலாவுக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்திருந்தது.

இதில் பேச்சைவிட முக்கியம் செய்கை. பேருந்தில் பீதி வந்தவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுகிறார். இறங்கியதும் நிம்மதி. "இறங்கினதாலதான் பொழைச்சேன்" என்று அமிக்டலா பதிந்துகொள்கிறது. இறங்காமல் இருந்திருந்தால், மேலே சொன்ன கணக்குப்படி அட்ரினலின் தானாகவே இறங்கியிருக்கும். அதைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு போய்விட்டது. சிகிச்சையில் படிப்படியாக இந்த வாய்ப்பை உருவாக்குகிறார்கள். கூட்டமில்லாத நேரத்தில், கதவோரம், துணையோடு இரண்டு நிறுத்தம். அடுத்து துணை பின் இருக்கையில். அடுத்து தனியாக. அடுத்து காலைக் கூட்டத்தில், நடுவில் நின்றுகொண்டு. ஒவ்வொரு படியும் வாரத்தில் 4, 5 முறை. ஏறுமுன் "என்ன நடந்துடும்னு பயப்படறேன்" என்று ஒரு வரி எழுதிவைத்து, இறங்கியதும் நடந்ததா என்று பார்க்க வேண்டும். மொத்தம் 12 முதல் 16 அமர்வுகள் வழக்கம்.

பையில் தண்ணீர் பாட்டில், சட்டைப்பையில் ஒரு அல்ப்ரஸோலம், மனைவிக்கு நிமிடத்துக்கு ஒரு போன் என்று போனால் பலன் குறைவு. "பாட்டில் இருந்ததாலதான் தப்பிச்சேன்" என்றே மூளை கற்கும். பயிற்சிக்கு முன் குட்டி மாத்திரை போட்டால் இன்னும் மோசம், கற்றல் நடப்பதையே அது மழுங்கடிக்கும்.

பயம் சுத்தமா போச்சுன்னு நெனச்சேன். ஊர் மாறினதும் திரும்ப வந்துடுச்சு. எல்லாம் வீணா?

வீணில்லை. பழைய பயம் அழிவதில்லை. அதன்மேல் "இது ஆபத்தில்லை" என்ற புதிய பாடம் எழுதப்படுகிறது. அந்தப் பாடத்தைப் பிடித்துவைப்பது முன் மூளையின் அடிப்பகுதி. எங்கே கற்றோம் என்ற இடக்குறிப்பைச் சேர்ப்பது ஹிப்போகேம்பஸ். பயம் எந்த இடத்திலும் தலைதூக்கும், பாதுகாப்புப் பாடமோ கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ஒரே வழித்தடத்தில் பயிற்சி செய்தவர் புது ஊரில் தடுமாறுகிறார். பயிற்சியை முதலிலிருந்தே பல இடம், பல நேரம் என்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். திரும்ப வந்தால் மேலே சொன்ன படிகளை மறுபடி செய்யுங்கள், பொதுவாக முதல் தடவையைவிடச் சீக்கிரம் அடங்கும்.

இந்தப் புதிய பாடம் பதிய குளுட்டமேட்டின் ஒருவகை ஏற்பியான என்.எம்.டி.ஏ. வேண்டும். மருந்துக்கு அடங்காத காசநோய்க்குக் கொடுக்கும் சைக்ளோசெரின் அதை லேசாகத் தூண்டும். 2004இல் உயரப் பயம் உள்ளவர்களுக்குப் பயிற்சிக்கு முன் அதைக் கொடுத்தபோது பலன் கூடியது. பின்வந்த ஆய்வுகளில் முடிவுகள் கலவையாகவே இருந்தன. அதனால் அது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

எங்கம்மாவுக்கும் இருந்தது. என் பிள்ளைக்கும் வந்துடுமா?

இரட்டையர் ஆய்வுகளின்படி, ஆட்களுக்குள் உள்ள வேறுபாட்டில் மரபணுவின் பங்கு 30 முதல் 40 விழுக்காடு. ஒரே ஒரு மரபணு காரணமில்லை. பிள்ளை பயப்படும் இடத்துக்கெல்லாம் அனுப்பாமல் பொத்திப் பொத்தி வளர்ப்பதைத் தவிர்ப்பது, மீதிப் பங்கில் உங்கள் கையில் இருக்கும் ஒன்று.

அமிக்டலாவையே எடுத்துட்டா பயம் போயிடுமா?

அபூர்வமான மரபுநோயால் இரு பக்க அமிக்டலாவும் சிதைந்த ஓர் அமெரிக்கப் பெண்ணைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். பாம்பைக் கையில் எடுத்தார், பேய் வீட்டுக்குள் சிரித்துக்கொண்டே போனார். 2013இல் அவருக்கும், அதே பாதிப்புள்ள இன்னும் இருவருக்கும் 35 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரே ஒரு மூச்சு கொடுத்தார்கள். மூவருக்கும் கடும் பீதி வந்தது. வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கு அமிக்டலா வேண்டும். உடம்புக்குள்ளிருந்து வரும் மூச்சுத்திணறல் குறிப்பு வேறு வழியாகவும் பீதியை எழுப்பும்.

பீதி நோய் பலருக்குக் காரணமே இல்லாமல், தூக்கத்தில்கூட வருவதை இது புரியவைக்கிறது. சோடியம் லாக்டேட் கரைசலை ரத்தக் குழாயில் ஏற்றினால் இவர்களுக்குப் பீதி வரும் என்று 1967இலேயே காட்டினார்கள். மூச்சடைப்பைக் கண்காணிக்கும் அமைப்பு இவர்களுக்குப் பொய்யாக எச்சரிக்கிறது என்று அமெரிக்க மனநல மருத்துவர் டொனால்ட் க்ளைன் 1993இல் விளக்கம் சொன்னார். சிகிச்சையிலும் இதற்கு இடமுண்டு. பேருந்துப் பயிற்சி போலவே, உள் உணர்ச்சிகளுக்கும் பயிற்சி தருகிறார்கள்: 1 நிமிடம் வேண்டுமென்றே வேகமாக மூச்சுவிடுவது, நின்ற இடத்தில் ஓடுவது, மெல்லிய ஸ்ட்ரா வழியாக மட்டும் மூச்சுவிடுவது. வரும் கிறுகிறுப்பை ஓடாமல் இருந்து பார்த்துப் பழகுவதுதான் நோக்கம். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைச் செய்யக்கூடாது. மற்றவர்களும் முதல் சில தடவை சிகிச்சையாளர் முன்னிலையில்தான் செய்ய வேண்டும்.